குடிக்காத பிள்ளைக்கும் கொழுத்த ஈரலா?

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகா என்றால் கேரளக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கள். அங்குள்ள தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்தான் மாநிலத்தின் பல ஜில்லாக்களுக்கு வண்டியேறிப் போகிறது. அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டால், "எத்தனை வருஷத்துக் குடி?" என்பதுதான் அடுத்த கேள்வி. மலைக்கு மேலே மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு எஸ்டேட்டுகளிலும் அப்படித்தான். ஈரல் என்றால் குடி, குடி என்றால் ஈரல்.

இதனால்தான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்து, சீட்டில் 'கல்லீரலில் கொழுப்பு, கிரேடு ஒன்று' என்று எழுதி வந்தால் வீடே திகைத்துப் போகிறது. அப்பா பையனைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். பாட்டி மட்டும் கலங்குவதில்லை. "இது ஊளைச் சதைடா, வயசுக்கு வந்து உயரம் போட்டா எல்லாம் வடிஞ்சிடும்" என்று முடித்துவிடுகிறாள்.

அப்பாவின் சந்தேகம் தவறு. பாட்டி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

ஈரலில் கொழுப்பு எப்படி வருகிறது?

நமது வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளில் பெரியது கல்லீரல். சாப்பிட்ட சாப்பாட்டின் சர்க்கரையை வாங்கிச் சேமித்து வைப்பதும், தேவைப்படும்போது ரத்தத்தில் எடுத்து விடுவதும் அதன் வேலை. ரேஷன் கடைக் கிடங்கு மாதிரி. கிடங்கு நிறைந்த பிறகும் மூட்டை வந்துகொண்டே இருந்தால் ஈரல் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக் கிடைத்த இடத்தில் அடுக்கிவிடுகிறது. ஈரலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதைக் கொழுப்பு ஈரல் என்கிறார்கள் டாக்டர்கள். கொழுப்பு சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. சிலருக்கு அது புழுங்கி வீக்கமாகிறது. வீக்கம் நாள்பட்டால் தழும்பு விழுகிறது. தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கிப் போகிறது. குடிகாரருக்கு வரும் அதே கடைசிக் கட்டம்தான்.

குடிக்காதவருக்கும் இது வரும் என்பதை வைத்திய உலகமே மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது. 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ஜர்கன் லுட்விக் இருபது நோயாளிகளின் ஈரலைப் பரிசோதித்து, குடிகாரர் ஈரல் போலவே இருக்கிறது, ஆனால் இவர்கள் குடிப்பவர்கள் அல்லர் என்று எழுதினார். அதுவரை அப்படிப்பட்டவர்கள், "நான் குடிப்பதில்லை டாக்டர்" என்று சொன்னால் நம்ப ஆள் கிடையாது. 1983-ல் பருமனான குழந்தைகளிடமும் இதே கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. 'ஆல்கஹால் அல்லாத கொழுப்பு ஈரல்' என்று நெடுநாள் இருந்த பெயரை 2023-ல் மாற்றி, உடலின் சத்து மாற்றக் கோளாற்றோடு சேர்ந்து வரும் ஈரல் நோய் என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். குடி என்ற சொல்லே பெயரிலிருந்து போய்விட்டது. அந்தப் பையனின் அப்பாவுக்கு இதைச் சொன்னால் நல்லது.

இது எவ்வளவு பரவலாக இருக்கிறது? அமெரிக்காவில் சான்டியாகோ என்ற ஜில்லாவில் 1993 முதல் 2003 வரை விபத்து முதலிய காரணங்களால் இறந்துபோன 2 முதல் 19 வயது வரையிலான 742 பேரின் ஈரலைப் பரிசோதித்தார்கள். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. 15 முதல் 19 வயது வரையிலானவர்களிடம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பருமனான பிள்ளைகளில் 38 சதவீதம். பெண்களைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது இல்லாதது, படிப்பு முடிந்து வெளியே வரும்போது ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? நடுவில்தான் அவர்கள் வயதுக்கு வந்தார்கள்.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியான கணக்கு, பெரியவர்களில் 38.6 சதவீதம், பிள்ளைகளில் 35.4 சதவீதம் என்கிறது. இந்தப் பிள்ளைகள் கணக்கைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வந்த, ஏற்கெனவே பருமனாயிருந்த பிள்ளைகள் பலர் அதில் அடக்கம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எண்ணினால் அவ்வளவு இருக்காது. ஆனால் திருவனந்தபுரம் ஜில்லாவில் பெரியவர்களைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. கேரளத்தில் வளரும் பிள்ளை எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

வயதுக்கு வரும்போது

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடம்பில் மாறுதல் தொடங்குகிறது. வளர்ச்சி ஹார்மோன் பெருகுகிறது. எலும்பு நீள்கிறது. இந்த வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒரு குணம் உண்டு. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. இன்சுலின்தான் ரத்தத்துச் சர்க்கரையைத் தசைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிற ஹார்மோன். 1986-ல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். சிறு குழந்தைகளையும் வளர்ந்தவர்களையும்விட, பருவம் அடைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இன்சுலின் மந்தமாக வேலை செய்கிறது. சர்க்கரை வியாதி உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆரோக்கியமான பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

1999-ல் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் 357 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனை இன்னும் தெளிவாகச் சொன்னது. பருவம் தொடங்கிய உடனே இன்சுலினின் பலம் குறைகிறது. நடுக்கட்டத்தில் மிகவும் குறைகிறது. பருவம் முடியும்போது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இன்சுலின் மந்தமானால் கணையம் சும்மா இருப்பதில்லை. இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. தசை கேட்காவிட்டாலும் ஈரல் அந்தக் கட்டளையைக் கேட்கிறது. சர்க்கரையைக் கொழுப்பாக்கு, அடுக்கு என்ற கட்டளை! வயிற்றுக்குள் தொப்பையாகச் சேர்ந்திருக்கும் கொழுப்பும் நேரே ஈரலுக்கு வடிகிறது. ஒல்லியான, ஓடியாடும் பிள்ளைக்கு இரண்டு மூன்று வருஷத்தில் இது தானாகச் சரியாகிவிடும். ஏற்கெனவே சதை போட்ட பிள்ளைக்குப் பருவம் முடிந்த பிறகும் சரியாகாமல் நின்றுவிடலாம். கதவு திறந்தபடியே இருந்துவிடுகிறது.

பாட்டி சொன்ன பாதி எது சரி? 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்பு ஈரல் உள்ள 186 பிள்ளைகளின் ஈரல் திசுவை ஒப்பிட்டார்கள். வயதுக்கு வராத பிள்ளைகளைவிட, வந்துகொண்டிருந்த, வந்துவிட்ட பிள்ளைகளிடம் கொழுப்பின் கடுமையும் தழும்பும் குறைவாக இருந்தன. பருவ ஹார்மோன்கள் ஈரலுக்கு ஓரளவு காவலாகவும் இருக்கின்றன என்று இதிலிருந்து கருதுகிறார்கள். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இந்தக் காவலைச் செய்கிறது. கொழுப்பை வயிற்றுக்குள் விடாமல் இடுப்பிலும் தொடையிலும் சேர்க்கிறது. ஆண் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அவனுக்குச் சேர்வது தொப்பையில்.

ஆகவே ஒரே பருவம் சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியும் விடுகிறது, ஈரலைக் காக்கவும் செய்கிறது. எது ஜெயிக்கும் என்பது பிள்ளையின் எடை, சாப்பாடு, ஓட்டம், தாய் வயிற்றில் இருந்த காலம் ஆகியவற்றைப் பொறுத்தது.

மஞ்சள் நீராட்டும் உளுந்தங்களியும்

நம் வீடுகளில் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர் வரும். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை என்று வாரக்கணக்கில் ஊட்டுவார்கள். சீர் கொண்டுவர போடியிலிருந்து மாமன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்கு வருவார். இந்த ஊட்டலால் ஈரல் கெட்டுவிடுமா என்று படித்த தாய்மார் சிலர் கவலைப்படுகிறார்கள். கெடாது. உளுந்து நல்ல புரதம். சில வாரக் களியால் கொழுப்பு ஈரல் வருவதில்லை. அதற்குப் பிறகு வரும் ஐந்து வருஷம்தான் கணக்கு. ஓடி விளையாடிய பெண்ணை "இனிமே தெருவுக்குப் போகாதே" என்று திண்ணையோடு நிறுத்திவிடுகிறோமே, அது ஈரலுக்கு உளுந்தங்களியைவிடக் கெடுதல்.

ஆண் பிள்ளை வயதுக்கு வருவதற்குச் சடங்கு இல்லை. குரல் உடைவதும் மீசை அரும்புவதும்தான் அறிவிப்பு. அவனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கொழுப்பு ஈரல் அதிகம் வருவது அவனுக்குத்தான்.

பெண்ணுக்கு மாதவிலக்கு தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆன பின்னும் ஒழுங்காக வராமல், முகத்தில் முடி வளர்ந்து, எடையும் ஏறினால் அதை 'நீர்க்கட்டி' என்று சொல்லிக் கர்ப்பப்பை டாக்டரிடம் மட்டும் காட்டுகிறோம். அங்கேயும் மூலகாரணம் பெரும்பாலும் இன்சுலின் மந்தம்தான். நீர்க்கட்டி உள்ள பெண்ணின் ஈரலையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.

கழுத்துக் கருமை அழுக்கல்ல

கொழுப்பு ஈரலுக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருக்கும். ஆனால் உடம்பு ஓர் அடையாளம் காட்டும். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் துணி போலக் கறுக்கும். பயத்தமாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்கூடு என்று எல்லாவற்றாலும் தேய்த்து, "குளிக்கிறதே இல்லை, சோம்பேறி" என்று பிள்ளையைத் திட்டுவது வீட்டுக்கு வீடு நடப்பது. அது அழுக்கல்ல. ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி இருப்பதன் அடையாளம். தேய்த்தால் போகாது. எடையும் இன்சுலினும் இறங்கினால் மெல்ல வெளுக்கும்.

இன்னோர் அடையாளத்தைத் தையற்கடை நாடாவால் பார்க்கலாம். தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து, அது உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இடுப்பு 75-க்கு உள்ளே இருக்க வேண்டும். கைகால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னே வந்த பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஒன்று உண்டு. இங்கே ஒரு ஜாக்கிரதை. பல லாபரட்டரிகளின் சீட்டில் 40 வரை சரி என்று அச்சடித்திருக்கும். அது பெரியவர் கணக்கு. பிள்ளைகளுக்கு, ஆணானால் 26, பெண்ணானால் 22 என்பதே மேல் வரம்பு என்று அமெரிக்கக் குழந்தை வயிற்று நோய் டாக்டர்கள் 2017-ல் வகுத்திருக்கிறார்கள். பருமனான பிள்ளைகளுக்கு 9 முதல் 11 வயதுக்குள் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் யோசனை. அதாவது பருவத்தின் வாசலிலேயே. எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தால் உடனே கொழுப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பி வகை மஞ்சள் காமாலை, ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய் போன்றவை இல்லை என்று டாக்டர் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். ஒல்லியான பிள்ளையானால் இது மிகவும் அவசியம்.

மலையில் என்ன மாறியது?

தேயிலை எஸ்டேட் லயங்களில் வளர்ந்த முந்தைய தலைமுறைக்குக் கொழுப்பு ஈரல் வர நியாயமில்லை. மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். சாப்பாடு அரைவயிறு. இன்றைய பிள்ளை ஜீப்பில் போகிறது. தாய் காலையிலேயே கொழுந்து கிள்ளக் கிளம்பிவிடுகிறாள். உடும்பன்சோலைப் பக்க ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், போடியிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி வரும் பெண்களுக்கோ, சமைத்து வைத்துவிட்டு வர நேரம் கிடைப்பதே அபூர்வம். "ஏதாவது வாங்கித் தின்னுக்கோ" என்று கையில் கொடுத்துவிட்டுப் போகும் பத்து இருபது ரூபாய், கடையில் கிரீம் பன்னாகவும் கலர் பாட்டிலாகவும் மாறுகிறது. அன்பு இல்லாததால் அல்ல. நேரம் இல்லாததால்.

கஞ்சிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் உத்தியோகம் பார்க்கும் குமாஸ்தா வீட்டில் கதை வேறு. அங்கே நேரம் இருக்கிறது, டியூஷனும் இருக்கிறது. மாலை பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் வாசலில் பேக்கரி, வீட்டுக்கு வந்தால் செல்போன். எட்டாம் வகுப்பிலிருந்து விளையாட்டு என்பது விடுமுறை நாள் சமாசாரம்.

அட்டப்பாடியில் 2013-ல் ஆதிவாசிக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்து அடுத்தடுத்து இறந்தது நாடு முழுவதும் பேசப்பட்டது. பட்டினிக்கும் கொழுப்பு ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. குறைந்தது தசையும் உறுப்புகளும்தான். ஒல்லியாய்ப் பிறந்து கொழுப்பைக் காத்து வைத்துக்கொள்ளும் உடம்பு. இப்படிப்பட்ட குழந்தை பத்து வயதுக்குப் பிறகு திடீரென்று மைதாவையும் சர்க்கரையையும் சந்தித்தால், அதே பருமனுள்ள வெள்ளைக்காரப் பிள்ளையைவிடச் சீக்கிரமே இன்சுலின் தடுமாறுகிறது. கூலி வேலை செய்த தாய் கர்ப்பத்தில் சாப்பிடாத சாப்பாட்டுக்கு மகனின் ஈரலில் கணக்கு எழுதப்படுகிறது.

கேரள அரசு 2016-ல் பெரிய கம்பெனிக் கடைகளில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 சதவீதக் 'கொழுப்பு வரி' போட்டது. மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய்விட்டது. இருந்த காலத்திலும் தெருமுனைப் பரோட்டாவையோ பழம்பொரியையோ அது தொடவில்லை. எஸ்டேட் பிள்ளை பீட்சாவையா தின்கிறது?

மருந்து உண்டா?

பிள்ளைகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. 2024-லும் 2025-லும் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டும் பெரியவர்களுக்கு, அதிலும் வீக்கமும் தழும்பும் உள்ளவர்களுக்கு. சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கும் மெட்பார்மின் மாத்திரையையும் வைட்டமின் ஈ-யையும் 173 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். எஸ்.ஜி.பி.டி.யை நிலையாக இறக்குவதில் வெறும் மாத்திரையைவிட இரண்டுமே மேலாக இல்லை. வைட்டமின் ஈ சிலருக்கு ஈரல் வீக்கத்தைக் குறைத்தது என்னவோ உண்மை.

கீழாநெல்லி? நம்மவர் கேட்காமல் விடமாட்டார்கள். 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லி பி வகைக் காமாலைக் கிருமியை விரட்டுவதாக லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதி உலகப் புகழ் பெற்றது. பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமிக்கான வைத்தியம், கொழுப்புக்கு அல்ல. ஈரல் டானிக் என்று விற்கும் சூரணங்களைப் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. சீந்தில் கொடி மாத்திரை தின்று ஈரல் பழுதானவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

பலன் கண்டது ஒன்று இருக்கிறது. 2019-ல் கொழுப்பு ஈரல் உள்ள 11 முதல் 16 வயது வரையிலான நாற்பது ஆண் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம், சேர்க்கும் சர்க்கரையை ஏறக்குறைய அடியோடு நிறுத்தினார்கள். மற்றப் பிரிவு வழக்கம்போல் சாப்பிட்டது. சர்க்கரை நிறுத்தியவர்களின் ஈரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21-லிருந்து 20. இரண்டே மாதத்தில்! இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பத்தியம் போடவில்லை. வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அதே சாப்பாடு கொடுத்தார்கள். அப்பா கையில் கலர் பாட்டிலோடு உட்கார்ந்து மகனுக்குத் தண்ணீர் கொடுத்தால் நடக்காது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கால் லிட்டர் கோலாவில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நிறுத்த முதலில் எளிதானது அதுதான்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடத் தேவையில்லை, போடவும் கூடாது. இங்கேதான் பாட்டியின் பேச்சு உதவிக்கு வருகிறது. பெரியவர் எடையைக் குறைத்தால்தான் ஆகும். பிள்ளை பலருக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும். வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் உயரம் போடும்போது அதே எடை நீளத்தில் பரவிவிடும். பருவம் தரும் இந்தச் சலுகை இரண்டு மூன்று வருஷம்தான். உயரம் நின்ற பிறகு கிடைக்காது. தினம் ஒரு மணி நேரம் வியர்க்க ஓடினால் தசை இன்சுலினுக்கு மறுபடி காது கொடுக்கும். சோறு ஒரு கரண்டி குறைந்து, பயறும் மீனும் முட்டையும் ஒரு பங்கு கூடினால் பசியும் தாங்கும். கருப்பட்டியும் வெல்லமும் இதில் சர்க்கரைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'நாட்டுச் சர்க்கரை' என்றால் ஈரல் மன்னிப்பதில்லை.

மத்திய அரசு 2021 பிப்ரவரியில் கொழுப்பு ஈரலையும் சர்க்கரை, இதய நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. ஆகவே பஞ்சாயத்துக் குடும்ப சுகாதார நிலையத்திலேயே இதைக் கேட்கலாம். ஆஷா ஊழியர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் உயரம், எடை, இடுப்பு மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லலாம். கழுத்துக் கருமை, பெருத்த இடுப்பு, பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் எஸ்.ஜி.பி.டி.யும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது. மேற்கொண்டு பார்க்க இடுக்கியிலும் பாலக்காட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லை தாண்டினால் தேனியும் கோவையும். எங்கே காட்டினாலும் முதல் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாப்பாட்டை மாற்றி மூன்று முதல் ஆறு மாதத்தில் அதே பரிசோதனையை மறுபடி செய்து இரண்டையும் டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். ஒரே ஸ்கேனை வைத்துக்கொண்டு 'கிரேடு ஒன்று' என்று ஊரெல்லாம் வைத்தியம் தேடுவதில் பஸ் செலவுதான் மிச்சம்.